கல்லை வைத்திருப்பவர் பேசலாம்

இந்தோனேசிய நாட்டின் அரச தத்துவத்துக்கும் இஸ்லாத்துக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்துவந்த பிணக்கு, 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒஸ்லோ நகரின் புருசெத் பகுதியில், பஸ் ஓட்டுகிற சற்குணத்தால் தீர்த்துவைக்கப்பட்டது. சரித்திரப் புத்தகங்களில் இது இல்லை. சற்குணத்துக்கே முதலில் தெரியாது. அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் மகளின் அரங்கேற்றத்துக்கு ஒரு மண்டபம்.

நான் பிலேந்திரன். அந்த அரங்கேற்றத்துக்கு அறிவிப்பாளர். ஒஸ்லோவில் தமிழர் விழா எதுவானாலும் மைக் என் கைக்கு வரும். வராவிட்டால் நானே போய் எடுத்துக்கொள்வேன். ஆகவே, பேச்சை விடாதவர்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

புருசெத் அடுக்குமாடிகளுக்கு நடுவே நகரசபையின் மண்டபம் ஒன்று இருக்கிறது. சற்குணம் அதை ஒரு சனிக்கிழமைக்குப் பதிந்திருந்தார். அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தாயிற்று. பாட்டுக்காரரும் மிருதங்கக்காரரும் சென்னையிலிருந்து வருகிறார்கள். ஞாயிறு காலை திரும்பிவிடுவார்கள். அந்தச் சனிக்கிழமையை விட்டால் சோபிகாவுக்கு அரங்கேற்றம் இல்லை.

நகரசபையின் கணினி அதே சனிக்கிழமையை ஹர்த்தோனோவுக்கும் கொடுத்திருந்தது. ஹர்த்தோனோ ஜாவாத் தீவுக்காரர், முஸ்லிம், பேக்கரியில் வேலை. நோன்புப் பெருநாள் முடிந்ததும் இந்தோனேசியக் குடும்பங்கள் ஒன்றுகூடி, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு, பிறகு வயிறாரச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அதற்கு அவருக்கு மண்டபம் வேண்டும்.

இருவரும் புருசெத் சுரங்க ரயில் நிலையத்தில் சந்தித்தார்கள். பேசியது அரைகுறை நோர்வேஜிய மொழி. எழுதும்போது என் கையில் அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பிள்ளையின்ரை ஆட்டம் மத்தியானத்தோடை முடிஞ்சிடும்" என்றார் சற்குணம்.

"அப்ப நாங்கள் பின்னேரம் வாறம். கதிரையளை அடுக்க வேண்டாம், எங்களுக்கும் வேணும்."

ரயில் வந்தது. ஏறிப் போனார்கள். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு பேரும் நல்ல மனிதர்கள்; நகரசபைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று சேர்ந்து போனார்கள். அதுதான் அவர்கள் செய்த பிழை.

அலுவலகப் பெண்மணியின் முகம் வெளிறிவிட்டது. "இரண்டு மதங்கள், ஒரே மண்டபம். நீங்களாகவே பேசி முடித்துவிட்டீர்களா? யாருடைய வழிகாட்டலில்?"

"ஒருத்தரின்ரையும் இல்லை" என்றார் சற்குணம் பெருமையாக.

"அப்படியென்றால் பிணக்கு உள்ளே அமுக்கப்பட்டிருக்கிறது. அதுதான் மிக ஆபத்தானது" என்றார் அவர். சகவாழ்வு உரையாடல் மையத்துக்குப் போய் முறைப்படி உரையாடி வந்தால்தான் மண்டபத்தின் திறப்பு, அதாவது சாவி, கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்.

மையத்தின் மாடிப்படி நெடுக, உலகத்தின் பல மூலைகளில் பலர் கைகுலுக்கும் படங்கள் மாட்டியிருந்தன. எங்கள் நாடான இலங்கையின் படமும் ஒன்று இருந்தது. அந்த வருடம் அங்கே மறுபடி குண்டு விழத் தொடங்கியிருந்தது. படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சற்குணம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேலே ஏறினார். துணைக்குப் போன நானும் ஏறினேன்.

உள்ளே வட்டமாகக் கதிரைகள், நடுவில் மெழுகுதிரி, பக்கத்தில் உள்ளங்கை நிறையும் அளவில் வழுவழுப்பான ஒரு கல். மையத்தின் தலைவி தூருன் எங்களை வரவேற்றார். கழுத்தில் கம்பளிச் சால்வை, முகத்தில் எல்லாவற்றையும் புரிந்துகொண்ட புன்னகை.

"இது கடற்கழியில் எடுத்த கல். இதை வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். அவர் தானாக விரும்பி அடுத்தவரிடம் கொடுக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது, எழுந்து போகவும் கூடாது. வாயால்தான் பேச வேண்டும் என்றில்லை. அழலாம், பாடலாம், ஆடலாம். சில பண்பாடுகள் உடலால் பேசும். நாங்கள் அதை மதிக்கிறோம்."

இதைச் சொல்வதற்காகக் கல்லை எடுத்தவர், அதை வைப்பதற்குள் மெழுகுதிரி பாதி உருகிவிட்டது.

பக்கத்தில் இருந்தவர் பேராசிரியர் ஆஸ்முண்ட். வாழ்நாளில் பாதியை 'இஸ்லாமும் பஞ்சசீலாவும்' என்ற ஆராய்ச்சியில் செலவழித்தவர். அதைப் பற்றி அவரிடம் இதுவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஹர்த்தோனோ எந்த நாடு என்று தெரிந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சற்குணம், உங்கள் பிரச்சினை மண்டபம் அல்ல. மண்டபம் ஒரு சாட்டு" என்றார் பேராசிரியர். "ஹர்த்தோனோவின் நாடு பிறந்தபோதே ஒரு கேள்வி பிறந்தது. அது இஸ்லாமிய நாடா, அல்லது ஐந்து கொள்கைகளின் மேல் நிற்கும் நாடா? அந்த ஐந்துக்கும் பெயர் பஞ்சசீலா. அதை இங்கே தீர்க்காமல் திறப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. ஹர்த்தோனோ இஸ்லாத்தின் சார்பில் பேசுவார். நீங்கள் பஞ்சசீலாவின் சார்பில்."

"நான் சைவம்" என்றார் சற்குணம்.

"சைவம் எங்கள் வரைபடத்தில் இல்லை" என்றார் தூருன் கனிவோடு. "உங்களை எங்கேயாவது வைக்க வேண்டும் அல்லவா?"

சற்குணத்துக்குத் தெரிந்த பஞ்சசீலம், விடிகாலையில் இலங்கை வானொலியில் புத்த பிக்குமார் ஓதுகிற ஒன்றுதான். அவர் பதறிப்போனார். "ஐயோ, அந்தச் சமயத்துக்கு அரசியலமைப்பிலை முதலிடம் குடுத்ததாலை வந்த வினையிலைதான் நான் இஞ்சை வந்து பஸ் ஓடுறன். என்னையே அதுக்கு ஆளாக்கிப் போடாதேங்கோ!"

அது வேறு, இது வேறு என்று பேராசிரியர் விளக்கினார். ஒரே கடவுள் நம்பிக்கை, மனிதநேயம், நாட்டின் ஒற்றுமை, கூடிப் பேசி முடிவெடுத்தல், சமூக நீதி. சற்குணம் கவனமாகக் கேட்டார். ஐந்தும் நல்ல விஷயங்கள்தான். "இதிலை எங்கட சனிக்கிழமை எங்கை வருது?" என்று கேட்டார். அவர் கையில் கல் இல்லாதபடியால் அந்தக் கேள்வி கேட்கப்படாததாகக் கருதப்பட்டது.

கல் ஹர்த்தோனோவிடம் வந்தது. மதமும் அரசும் எப்படி இருக்க வேண்டும், இஸ்லாத்தின் சார்பில் சொல்லுங்கள் என்றார் தூருன். நோர்வேயின் அனுபவத்திலிருந்து எதையும் கேட்கலாம், கல்லை வைத்திருப்பவர் கேட்டதற்குப் பதில் சொல்வது குறுக்கீடு ஆகாது, நோர்வேயில் மதமும் அரசும் கலப்பதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஹர்த்தோனோ யோசித்தார். "ஆனா உங்கட அரசியலமைப்பிலை லூத்தர் சபைதான் அரச மதம் எண்டு இருக்கெல்லோ? மொழி வகுப்பிலை படிப்பிச்சவை. மந்திரிமாரிலை அரைவாசிக்கு மேலை அந்தச் சபையிலை இருக்க வேணுமாம்."

"அது மதம் அல்ல" என்றார் தூருன். "அது பண்பாடு."

"அரசரும் அந்தச் சபைதானே இருக்க வேணும்?"

"அரசரும் பண்பாடு."

"வேறை நாட்டிலை இப்பிடி இருந்தால்?"

"வேறு நாட்டில் இருந்தால் அது பிணக்கு" என்றார் பேராசிரியர். "அதைத்தான் நாங்கள் ஆராய்கிறோம்."

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஹர்த்தோனோவுக்குத் தொழுகை நேரம் வந்துவிட்டது. பழக்க தோஷத்தில் கல்லைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். நாங்கள் அசையாமல் இருந்தோம். தூருன் அசையவில்லை. பேராசிரியருக்குத் தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டார். ஹர்த்தோனோ ஆறுதலாக முகம் கழுவித் தொழுதுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்ததும், "எவ்வளவு ஆழமான மௌனம்!" என்றார் தூருன். சற்குணம் என்னைப் பார்த்தார். அப்போது நான் அந்தப் பார்வையைப் பெரிதாக எடுக்கவில்லை.

அன்று திரும்பி வரும்போது ரயிலில் சற்குணம் கேட்டார். "உண்மையா உந்தப் பஞ்சசீலா எண்டா என்ன, ஹர்த்தோனோ? நான் அதுக்கு ஆளாம். எனக்கும் தெரிய வேணுமெல்லோ."

"பள்ளிக்கூடத்திலை திங்கக்கிழமை காலமை வெயிலுக்கை நிண்டு சொல்லுறது. மயங்கி விழுந்தால் நிழலுக்கு விடுவினம்" என்றார் ஹர்த்தோனோ. "பிறகு சட்டம் வந்தது. எந்தச் சங்கமும் தனக்கு அடிப்படை பஞ்சசீலா எண்டு எழுதிக் குடுக்க வேணும். எங்கட தெருப் பட்மின்ரன் சங்கமும் எழுதிக் குடுத்தது. பள்ளிவாசல் சங்கத்தையும் எழுதச் சொன்னவை. கடவுளுக்கு மேலை ஒரு வசனமோ எண்டு சில பேர் கோவிச்சுக்கொண்டு போட்டினம். எங்கட அப்பா எழுதிக் குடுத்திட்டு, வழமைபோலத் தொழுதவர்."

"அப்ப பிழையான சாமானோ அது?"

"சீச்சீ. அஞ்சிலை ஒண்டிலையும் பிழை சொல்லேலாது. அதாலைதான் இத்தினை தீவும் ஒண்டா நிக்குது." அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஆனா முப்பது வருசமா ஒரே சனாதிபதிதான் கல்லை வச்சிருந்தவர்."

புருசெத் வந்ததும் இறங்கினோம்.

அடுத்த அமர்வு முதலாவது கொள்கைக்கு ஒதுக்கப்பட்டது. அரங்கேற்றத்தில் எத்தனை கடவுள்கள் வருவார்கள் என்று பேராசிரியர் கேட்டார். பிள்ளையார், முருகன், நடராசர், அம்மன், இடையில் ஒரு பாட்டுக்குக் கிருஷ்ணர் என்று சற்குணம் விரல் மடித்தார். பேராசிரியருக்கு முகம் இருண்டது. பஞ்சசீலாவின் பிரதிநிதியே முதலாவது கொள்கையை மீறினால் எப்படி? கொஞ்சம் குறைக்க முடியாதா?

ஹர்த்தோனோ கல்லுக்குக் கை நீட்டினார். "எங்கட பாலித் தீவிலையும் இந்துக்கள்தான். அரசாங்கம் ஒரே கடவுள் எண்டு காட்டச் சொன்னது. அவையும் ஒராளை மேலை வச்சுக் காட்டினவை. மற்றவைக்கும் பூசை நிற்கேல்லை."

சற்குணம் உடனே பிடித்துக்கொண்டார். "ஓம், ஒராள்தான். மற்றவை அவரின்ரை குடும்பம்."

பேராசிரியர் அதை எழுதிக்கொண்டார். தம் ஆராய்ச்சியில் விடுபட்டிருந்த இடம் அதுதான் என்றார்.

கடைசி அமர்வில் உடன்படிக்கை. பேராசிரியர் எழுந்து நின்றே பேசினார். இந்தோனேசியா பிறந்த வருடம் ஒரு வரைவில், முஸ்லிம்கள் தங்கள் மதச் சட்டப்படி நடக்க வேண்டும் என்ற வரி இருந்தது. ஏழு சொற்கள். மற்றத் தீவுகள் பிரிந்து போய்விடும் என்ற பயத்தில் அந்த ஏழையும் எடுத்துவிட்டார்கள். எடுத்தது நல்லது என்கிறவர்களும் உண்டு, இன்றுவரை மனம் ஆறாதவர்களும் உண்டு. "சமாதானம் என்பது ஏழு சொற்களை விட்டுக்கொடுப்பது" என்றார் அவர். "நீங்களும் உங்கள் உடன்பாட்டை எழுதுங்கள். பிறகு ஏழு சொற்களை எடுத்துவிடுவோம்."

சற்குணமும் ஹர்த்தோனோவும் ரயில் நிலையத்தில் பேசியதையே எழுதினார்கள். காலையில் தமிழர், மாலையில் இந்தோனேசியர், முடிந்தது. நோர்வேஜிய மொழியில் அது சரியாக ஏழு சொற்கள் வந்தது.

பேராசிரியர் ஒவ்வொரு சொல்லாக எடுத்தார். கடைசியில் வெள்ளைத் தாள் மிஞ்சியது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அழகு" என்றார். எந்தத் தரப்பும் ஆட்சேபிக்க முடியாத உடன்படிக்கை ஒன்று எழுதப்படுவது, மையத்தின் வரலாற்றில் இதுவே முதல் தடவை என்றார் தூருன். எல்லோரும் அதில் கையெழுத்திட்டார்கள். நானும் சாட்சியாக இட்டேன்.

வெள்ளைத் தாளோடு திறப்பு வாங்கப் போனோம். மண்டபம் இல்லை. பிணக்கு முடிவுக்கு வந்ததைக் கொண்டாட, பிணக்கு நடந்த அதே மண்டபத்தில், அதே சனிக்கிழமை, காலையிலிருந்து மாலைவரை உரையாடல் மையம் கருத்தரங்கு வைக்கிறதாம். திறப்பை அவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தூருன் தொலைபேசியில் குதூகலமாக இருந்தார். இரண்டு சமூகங்களும் கட்டாயம் வர வேண்டும். ஹர்த்தோனோ தரப்பு தங்கள் உணவைக் கொண்டு வரட்டும். சோபிகாவுக்குப் பத்து நிமிடம் தரலாம். "அவள் எங்கள் வட்டத்தில் கல்லை ஏந்தி உடலால் பேசட்டும்!"

அன்று சற்குணம் வீட்டில் நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மனைவி செல்வமலர் மேசையில் அழைப்பிதழ்களைப் போட்டார். "உவைக்குப் போய் ஏன் சொன்னனீங்கள்? ஆர் கேட்டது உங்களை? இப்ப சனத்துக்கு என்னெண்டு சொல்லப் போறியள்?"

சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்த மிருதங்கக்காரர் கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "சார், ப்ரோக்ராம் இருக்கா, இல்லையா? இல்லேன்னா சொல்லிடுங்க, நாங்க ஸ்னோவாவது பார்த்துட்டுக் கிளம்பறோம்."

சோபிகா சலங்கையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். "அப்பா, சேரியோஸ்ட்? உண்மையாவே பத்து நிமிஷமோ? பால்பல்லு விழுந்த வயசிலை இருந்து ஆடுறன். அலாரிப்பு முடிய முன்னம் கை தட்டுவினம். பிறகு என்ரை படத்தை எடுத்துத் தங்கட புரோஷூரிலை போடுவினம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கிவிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளையின் பத்து வருட உழைப்பை ஒரு கருத்தரங்கின் இடைவேளைக்கு வைக்கிறார்கள். அதையும் பரிசு தருவதுபோல நினைத்துக்கொள்கிறார்கள்.

சற்குணம் மட்டும் கோபப்படவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"பிள்ளை, கல்லை உன்ரை கையிலை தருவினமாம் என்ன?"

"ஓம். அதுக்கென்ன?"

"கல்லை வச்சிருக்கிற ஆள் தானாக் குடுக்கும் வரைக்கும் ஒருத்தரும் குறுக்கிடேலாது. எழும்பிப் போகவும் ஏலாது. ஆடலாம் எண்டும் அவைதான் சொன்னவை. ஹர்த்தோனோ தொழப் போகேக்கை எல்லாரும் சிலை மாதிரி இருந்தவை, பிலேந்திரன் அண்ணை பாத்தவர்." அவர் தொலைபேசியை எடுத்தார். "ஹர்த்தோனோவிட்டை ஒரு சொல்லுச் சொல்லிப் போடுவம். சாப்பாடு கொஞ்சம் பிந்தும்."

சனிக்கிழமை வந்தது. அழைப்பிதழ் கிடைத்த எங்கள் சனம் முழுவதும் பட்டுச் சேலையும் பூவுமாக, வழமைபோல நேரம் பிந்தி, மண்டபம் கொள்ளாமல் வந்து இறங்கியது. இந்தோனேசியக் குடும்பங்கள் சட்டி பானைகளோடு வந்தன. மக்கள் பங்கேற்பைக் கண்டு தூருன் பூரித்துப்போனார். கையில் தடித்த உரை ஒன்று வைத்திருந்தார். பத்து நிமிட நடனத்துக்குப் பிறகு அதை வாசிப்பார் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

சோபிகா மேடைக்கு வந்தாள். தூருன் கல்லை அவள் கையில் வைத்து, குனிந்து வணங்கினார். சோபிகா அதை வாங்கி நேரே நடந்து போய், நாங்கள் மேடையோரம் கொண்டுவந்து வைத்திருந்த நடராசர் சிலையின் காலடியில் வைத்தாள். அவளுடைய நடன குரு தாளம் போடும் தட்டுக்கழியைக் கையில் எடுத்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன். "பஞ்சசீலாவின் முதலாவது நிலைப்பாடு: அலாரிப்பு!"

அலாரிப்பு முடிந்ததும் தூருன் எழப் பார்த்தார். பேராசிரியர் அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்து, கல் இன்னும் கைமாறவில்லை என்று காதில் சொன்னார். ஜதிஸ்வரம், சப்தம் என்று உருப்படிகள் ஒவ்வொன்றாகப் போயின. நகரசபைப் பெண்மணி ஒரு காலின் மேல் மற்றக் காலைப் போட்டும் எடுத்தும் பார்த்தார். கழிப்பறைக்கு வழி அவருக்குத் தெரியும், ஆனால் விதியும் தெரியும். "பஞ்சசீலாவின் விரிவான நிலைப்பாடு: வர்ணம்!" என்றேன் நான். சென்னை மிருதங்கக்காரர் குளிரையெல்லாம் மறந்து வெளுத்து வாங்கினார்.

வர்ணத்தின் நடுவில் ஓரிடத்தில் நான் பகிடியை மறந்துவிட்டேன். சோபிகாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவளுக்குப் பஞ்சசீலாவும் தெரியவில்லை, நோர்வேயும் தெரியவில்லை, அப்பாவும் தெரியவில்லை. முன்வரிசையில் சற்குணம் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் ஹர்த்தோனோ தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊரில் ராமாயணம் ஆடுகிறவர்களும் முஸ்லிம்கள்தானாம். அதை அவர் எந்த அமர்விலும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

தில்லானா முடிந்து, மங்களம் பாடி, குருவையும் தாய் தகப்பனையும் வணங்கிவிட்டு, சோபிகா சிலையடியில் இருந்து கல்லை எடுத்தாள். தூருன் உரையோடு பாய்ந்து வந்தார். சோபிகா அவரைத் தாண்டிப் போய், ஹர்த்தோனோவின் மனைவி ரத்னாவின் கையில் கல்லைக் கொடுத்தாள்.

ரத்னா கல்லைப் புரட்டிப் பார்த்தார். எடை பார்த்தார். சமையலறைக்குள் போய்க் கழுவி, மிளகாய்ச் சம்பல் அரைக்கத் தொடங்கினார். வீட்டிலிருந்து அம்மியின் தட்டைக் கொண்டு வந்தவர், குழவியை மறந்துவிட்டாராம்.

கல் சமையலறையில் இருந்தபடியால் மண்டபத்தில் யாரும் உரை நிகழ்த்த முடியவில்லை. ஆகவே சனம் தன்பாட்டில் கதைத்தது, சிரித்தது, சாப்பிட்டது. இந்தோனேசியர்கள் தங்கள் வழக்கப்படி ஒருவர் கையை ஒருவர் பிடித்து மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் ஆட்களும், ஒரே கோயில் நிர்வாகத்தில் இருந்து முகம் பார்க்காதவர்கள் உட்பட, வரிசையில் நின்று கேட்டார்கள். ஹர்த்தோனோ தூருனிடமும் போய் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தார்.

"தெரிஞ்சும் தெரியாமலும் செய்த பிழையளை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தூருன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வெறும் கைகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: சொந்த விதியை மீறுகிறவர் அல்ல.

கல் பிறகு மையத்துக்குத் திரும்பிப் போயிற்று. ரத்னா நன்றாகக் கழுவித்தான் கொடுத்தார். ஆனாலும் அவர்கள் மிளகாய் இலேசில் விடுகிற சாதி அல்ல. அடுத்த வாரம் தங்கள் பிணக்கைத் தீர்க்க வந்து அந்தக் கல்லைப் பிடித்துப் பேசிய இரண்டு தேவாலயப் பாடகர் குழுக்களும் கண்ணைக் கசக்கிய மாத்திரத்தில் தேம்பித் தேம்பி அழுதார்களாம். மையத்தின் வரலாற்றில் மிகவும் உருக்கமான உரையாடல் அதுதான் என்று அந்த வருட அறிக்கையில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சோபிகாவின் படம். கீழே 'பஞ்சசீலா' என்று எழுதியிருந்தது.

ரத்னா இன்றைக்கும் சற்குணத்தின் பஸ்ஸில் ஏறினால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இறங்க மாட்டார்.

"அவ்வளவு நல்லா அரைக்கிற கல்லு. கதைக்கிறதுக்கு வச்சு அவை ஏன் வீணாக்கினம்?"